ஈறு வளர்ந்த வருஷங்கள்

எனக்கு முதல் வலிப்பு வந்தது பதினொன்றாம் வகுப்பில், சின்னமனூர்ப் பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது. தொண்ணூற்றாறாம் வருஷம். முகத்தில் வெயில் அடித்தது வரை நினைவிருக்கிறது. அதற்கு அடுத்து நினைவிருப்பது, ஆசிரியர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் கிடக்கிறேன். என் உள்ளங்கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்து, விரல்களை மூடி அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம் கரிக்கிறது. மார்க்கையன்கோட்டையிலிருந்து அம்மா வந்து சேர்ந்ததும் டீச்சரிடம் சொன்ன முதல் வார்த்தை, "வெறும் வயித்தோட வந்துட்டா டீச்சர், அதான் மயக்கம்." அன்று காலையில் நான் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டிருந்தேன். மறுத்துச் சொல்ல முடியவில்லை. நாக்கு வீங்கியிருந்தது.

இரண்டாவது தடவை வீட்டில் வந்தது. கொடிக்காலிலிருந்து வெற்றிலைக் கூடையோடு அப்போதுதான் உள்ளே நுழைந்த அப்பா பார்த்துவிட்டார். கூடை கையிலிருந்து விழுந்ததைக்கூட அவர் உணரவில்லை என்று அம்மா பிற்பாடு சொன்னாள். மறுநாள் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நரம்பு டாக்டர் படம் எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார். "ஒரு வேளைகூட விடக்கூடாது. நல்லாயிருக்குன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது" என்றார். நாங்கள் எழுந்து கதவருகே வந்த பிறகு, "பல்லை நல்லாத் தேய்க்கணும்மா" என்றார்.

திரும்பி வரும்போது பேருந்து ஆண்டிப்பட்டிக் கணவாய் தாண்டும்வரை அம்மா அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். "நம்மளப் பாத்தா பல்லு வெளக்காதவக மாதிரியா தெரியுது அவருக்கு?"

அந்த மாத்திரை என்னைக் காப்பாற்றியது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு எனக்கு வலிப்பு வரவில்லை. நான் பரீட்சை எழுதினேன், ஆசிரியர் பயிற்சி முடித்தேன், பேருந்தில் தனியாகப் போய்வந்தேன். அம்மா மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து ஒரு பழைய டானிக் பாட்டிலில் போட்டு வைத்தாள். யாராவது கேட்டால் சத்து மாத்திரை. வீட்டுக்குள்ளும் அந்தப் பெயர்தான். "சத்து மாத்திரை போட்டியா?" என்று என் தங்கையே கேட்பாள். அவளுக்கு உண்மை தெரியும். தெரிந்தும் அப்படித்தான் கேட்பாள். எனக்கு வலிப்பு என்று வெளியே தெரிந்தால் அவளையும் யாரும் கட்ட மாட்டார்கள் என்று அம்மா அவளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

முதலில் பல் விளக்கும்போது ரத்தம் வந்தது. பிறகு முன்பற்களுக்கு நடுவே ஈறு லேசாகத் தடித்தது. பன்னீர் திராட்சையின் பிஞ்சு போல, பல்லுக்குப் பல் இடையில் ஒவ்வொரு சிறு உருண்டை. வலி கிடையாது. நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மாதம் போகப் போக அந்த உருண்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பல்லின் மேலே திரையை இறக்குவது போல இறங்கின. இரண்டு மூன்று வருஷத்தில் என் மேல்வரிசைப் பற்களில் பாதி உள்ளே போய்விட்டது. நுனி மட்டும் வெளியே தெரியும். சாப்பிட்டது உள்ளே சிக்கிக்கொள்ளும். கொப்பளித்துக் கொப்பளித்துத் தொண்டை வறண்டுபோகும். 'ச' எழுத்து வாயில் நிற்காமல் வழிந்தது. நான் உதட்டை மூடிக்கொண்டே பேசப் பழகினேன். சிரிப்பு வந்தால் கீழே குனிந்து எதையாவது தேடுவேன்.

சின்னமனூரில் ஒரு பல் டாக்டரிடம் அம்மா கூட்டிப் போனாள். அவர் பார்த்த உடனே, "வெத்தல போடுவியாம்மா?" என்றார்.

"இல்ல டாக்டர்" என்றேன்.

"கொடிக்கால் வச்சிருக்கவுக வீட்டுப் பொண்ணு, வெத்தல போடாமயா இருப்ப?" என்று சிரித்தார். பிறகு, "வேற மாத்திரை எதும் சாப்பிடுறியா?" என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். "ஒண்ணும் கெடையாதுங்க டாக்டர். நல்ல ஒடம்பு" என்றாள் அம்மா.

அவர் சுத்தம் செய்து அனுப்பினார். ஒரு மாதம் கொஞ்சம் வற்றியது போல இருந்து, மறுபடியும் வளர்ந்தது. அம்மாவுக்கு என்மேல் கோபம். வேப்பங்குச்சி, உப்பு, கிராம்பு எண்ணெய் என்று வாங்கி வைத்துவிட்டு, நான் பல் விளக்கும்போது பக்கத்திலேயே நின்று பார்ப்பாள். "அழுத்தித் தேயி. மேல தேயி." அழுத்தினால் ரத்தம் வரும். ரத்தத்தைப் பார்த்து அவளே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எனக்குச் சின்னமனூரில் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் வேலை கிடைத்தது. எல்.கே.ஜி. வகுப்பு. அங்கே வாயைத் திறக்காமல் ஒன்றும் சொல்லித்தர முடியாது. 'ஆ' என்றால் ஆவென்று திறந்து காட்ட வேண்டும். நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்வேன். ஒரு நாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்குழந்தை, பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கக் காத்திருந்த தன் அக்காளை நினைத்துக்கொண்டோ என்னவோ, "மிஸ், ஒங்களுக்கு இன்னும் பல்லு மொளைக்கலையா?" என்று கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டாள். "இனிமேத்தான்டா மொளைக்கும்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு எழுதப் போய்விட்டாள்.

தேவதானப்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. அம்மா எனக்கு முந்தின நாளே சொல்லித்தந்திருந்தாள். கேட்டால் ஒற்றை வார்த்தை, மீதிக்கெல்லாம் தலையாட்டல். மாப்பிள்ளையின் அத்தை நல்ல மனுஷி. நான் பயந்துபோய் இருக்கிறேன் என்று நினைத்து என் கன்னத்தைத் தொட்டு, "கொஞ்சம் சிரிச்சாப்ல இருத்தா, நாங்க என்ன கடிச்சா திம்போம்?" என்றாள். அந்தப் பிரியத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிய மறந்துவிட்டேன். அவள் கை என் கன்னத்திலிருந்து மெல்ல இறங்கியது. காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்கள். பிறகு தரகர் வந்து அப்பாவிடம், "பொண்ணு வாயில என்னமோ இருக்காம்ல, சொல்லிக்கிட்டாக" என்றார்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலிப்பு வந்து வருஷக்கணக்காகிவிட்டது. உடம்பு தேறிவிட்டது. இனி எதற்கு? மாத்திரைக்கும் ஈறுக்கும் முடிச்சு இருப்பது அவளுக்குத் தெரியாது. கல்யாணமாகிப் போகிற வீட்டில் இதை எப்படி ஒளிப்பது என்பதுதான் அவள் கவலை. முதலில் பாதியாக்கினாள். பிறகு நிறுத்தினாள். எனக்கு அதில் சந்தோஷம்தான். காலையில் எழுந்ததும் நினைவுக்கு வருகிற முதல் பொருள் ஒரு பாட்டிலாக இல்லாமல் போனது.

சில வாரம் கழித்து, வகுப்பில், அந்தக் குழந்தைகள் முன்னால் விழுந்தேன். மேஜை முனையில் வாய் மோதி உதடு கிழிந்தது. முன்பல் ஒன்று உடைந்தது. குழந்தைகள் அலறியடித்து ஓடியிருக்கிறார்கள். பள்ளித் தாளாளர் வீட்டுக்கே வந்து பழம் கொடுத்துவிட்டு, "ஒடம்பப் பாத்துக்கங்க டீச்சர். நல்லா ஓய்வெடுங்க. அவசரமே இல்ல" என்று மிகவும் பதவிசாகச் சொன்னார். அதோடு அந்த வேலை போனது. அம்மா தெருவில் எல்லாரிடமும் லோ பிரஷர் என்றாள். பாட்டில் மறுபடியும் அலமாரிக்கு வந்தது.

உடைந்த பல்லுக்காகத்தான் தேனிக்குப் போனோம். புதிதாகக் கிளினிக் வைத்திருந்த பெண் டாக்டர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். கண்ணாடியை வாய்க்குள் விட்டு உதட்டைத் தூக்கிப் பார்த்தவள், உடைந்த பல்லை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த டாக்டரும் என் வாயை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"சத்து மாத்திரை" என்றாள் அம்மா.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்று டாக்டர் சொன்னாள். அம்மா தயங்கித் தயங்கிப் போனாள். கதவு மூடியதும் டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "ஃபிட்ஸ் மாத்திரையா?" என்றாள்.

வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே அழுதேன். எத்தனையோ வருஷத்தில் ஒரு வெளி ஆள் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினாள். அந்த மாத்திரை சாப்பிடுகிற சிலருக்கு ஈறு இப்படித்தான் வளரும். பல்லைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் குறையும், ஆனால் மாத்திரை இருக்கிறவரை முழுசாக நிற்காது. "நீங்க அழுக்கா இருக்கிறதால வந்தது இல்ல இது" என்றாள். நரம்பு டாக்டர் கதவருகே சொன்ன வார்த்தைக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

மாத்திரையை விட்டால் விழுவேன். விடாவிட்டால் வாய் மூடிக்கொண்டே வரும். வீட்டுக்குப் போகிற பேருந்தில் அதை நினைத்தபோது, இரண்டு பக்கமும் கூடவே வருகிற மலை அன்று எனக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது போலிருந்தது.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முதல் தடவை கத்தியால் வெட்டினார்கள். மரப்பு ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. ஆனால் ரத்தம் நின்றபாடில்லை. உறிஞ்சுகிற குழாய் ஒருபக்கம் களகளக்க, தொண்டைக்குள் சூடாக இறங்கிக்கொண்டே இருந்தது. வெட்டிய இடத்தின்மேல் ரோஸ் நிறத்தில் களிமண் போன்ற ஒன்றை அப்பி அனுப்பினார்கள். அதோடு நாள்கணக்கில் கஞ்சி குடித்துக் கிடந்தேன். பிறகு பற்கள் தெரிந்தன; உடைந்த பல்லுக்குத் தேனி டாக்டர் உறை போட்டாள். எனக்கு மறுபடி ஒரு நர்சரிப் பள்ளியில், இந்த முறை தேனிப் பக்கம், வேலை கிடைத்தது. தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணத்தில் நான் சிரித்தேன். அடுத்த வருஷம் அதே மாதத்தில் திராட்சைப் பிஞ்சுகள் திரும்ப வந்துவிட்டன.

மறுபடி வெட்ட நான் ஒப்புக்கொள்ளவில்லை. தேனி டாக்டர்தான் விடாமல் இருந்தாள். என் நரம்பு டாக்டரிடம் அவளே போனில் பேசினாள். அவர் முதலில் மறுத்தார். நோய்க்கு நன்றாகக் கேட்கிற மாத்திரையை மாற்றினால் வலிப்பு வந்துவிடும் என்றார். நான் நேரில் போய் அவர் முன்னால் வாயைத் திறந்து காட்டினேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "சரி, மெதுவா மாத்தலாம்" என்றார். பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மாதக்கணக்கில் நான் பாதித் தூக்கத்தில் நடமாடினேன். அப்பா கொடிக்காலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, காலையும் மாலையும் என்னைப் பள்ளிக்கூடத்து வாசல்வரை கொண்டுவந்து விட்டுக் கூட்டிப்போனார். பேருந்தில் எனக்குப் பக்கத்தில் கையை நீட்டி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வருவார், நான் விழுந்தால் தடுக்க.

வலிப்பு வரவில்லை. அதற்குப் பிறகுதான் தேனி டாக்டர், "மதுரையில எங்க சார் ஒருத்தர்கிட்ட லேசர் வந்திருக்கு. கத்தி இல்ல. ரத்தம் அநேகமா வராது. வர்றீங்களா?" என்று கேட்டாள்.

லேசர் என்றதும் நான் பெரிய இயந்திரத்தை எதிர்பார்த்தேன். பார்த்தால் ரேடியோப் பெட்டி அளவில் ஒன்று, அதிலிருந்து ஒரு மெல்லிய வயர், வயரின் நுனியில் பேனா மாதிரிப் பிடி. நுனியில் மூக்குத்திக் கல் போல ஒரு சிவப்பு வெளிச்சம். மதுரை டாக்டர் வயதானவர், நிதானமாகப் பேசினார். "இந்தச் சிவப்பு வெட்டாது, இடம் காட்ட மட்டும்தான். வெட்டுறது கண்ணுக்குத் தெரியாது. அதனால எல்லாரும் கண்ணாடி போட்டுக்கணும்." அவரும், நர்சும், என்கூட நின்ற தேனி டாக்டரும் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். எனக்கும் மாட்டிவிட்டார்கள். உலகம் பச்சை இருட்டாகிவிட்டது. வாய் மூடாமல் இருக்கக் கடைவாயில் ரப்பர்க் கட்டை ஒன்றை வைத்தார்கள். மரப்பு ஊசி ஏறி உதடு எனக்குச் சொந்தமில்லாத ஒன்றாகக் கிடந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. இப்போது வலிப்பு வந்தால்? வாயைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. வருகிறது என்று சொல்லவும் முடியாது. தேனி டாக்டர் என் இடது கையைப் பிடித்து, "எதுனாலும் இந்தக் கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திருவார்" என்றாள். கீழே கால்கட்டையை அவர் மிதிக்கும்போதெல்லாம் பெட்டி பீப் என்று சத்தம் கொடுக்கும். விட்டால் நிற்கும். பீப், இடைவெளி, பீப். வலி இல்லை. ஒரு சூடு மட்டும், தேநீர் கிளாஸைப் பல்லில் வைத்தது போல. பிறகு வாடை வந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டுத்தலையை நெருப்பில் வாட்டுகிற அதே வாடை. அது என் சதை என்று உணர எனக்குக் கொஞ்ச நேரமானது. கையைத் தூக்கினேன். அவர் உடனே நிறுத்தினார். காற்றாடியை என் பக்கம் திருப்பச் சொன்னார். நான் மூச்சுவிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். அதற்குப் பிறகு நான் கையைத் தூக்கவில்லை.

ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு பக்கமாகச் செய்தார். தையல் இல்லை. துப்பியபோது எச்சிலில் ரத்தத்தின் சாயல் மட்டும். வெட்டிய ஓரத்தில் மை தடவியது போல ஒரு கறுப்புக் கோடு, அதுவும் சில நாளில் உதிர்ந்தது. மோர்சாதம், உப்புநீர், மெத்தென்ற பிரஷ். கடைசித் தடவை முடிந்து புண் ஆறிய பிறகு கண்ணாடியில் பார்த்தேன். பற்கள் இவ்வளவு நீளமா என்றிருந்தது. யாருடைய பல்லோ என் வாயில் இருப்பது போல. மூச்சை இழுத்தால் குளிர்ந்தது. வகுப்பில் "சக்கரம்" என்று சொன்னேன், 'ச' வழியவில்லை.

அம்மா என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. "இனிமே ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாதுத்தா" என்றாள்.

அவள் அதைச் சந்தோஷமாகச் சொன்னாள். அதுவரை என் ஈறாவது, எனக்குள் ஏதோ இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் போயிற்று. இனி எந்த வீட்டிலும் என்னைக் கொண்டுபோய் வைத்துவிடலாம். அங்கே நான் தினமும் இரண்டு வேளை கதவைச் சாத்திக்கொண்டு, சாகும்வரை சத்து மாத்திரை சாப்பிடலாம்.

கம்பத்திலிருந்து ஒரு வரன் வந்தது. வாழைக்காய் ஏவாரம், கேரளாவுக்கு லோடு அனுப்புகிற குடும்பம். எனக்கு வயது ஏறியிருந்தது. அவருக்கும்தான். எல்லாருக்கும் பிடித்துப்போனது தெரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "பொண்ணு எதும் கேக்கணும்னா கேக்கட்டும், இந்தக் காலத்துப் பிள்ளைக" என்றார்.

நான் எதுவும் தயாரித்து வைத்திருக்கவில்லை. "எனக்கு வலிப்பு நோய் இருக்குங்க. மாத்திரை சாப்பிடுறேன். இப்ப வர்றதில்ல. மாத்திரைய விட்டா வரும்" என்றேன்.

அம்மா, "அது சின்ன வயசுல ஒரு மயக்கம்…" என்று ஆரம்பித்தாள்.

"மயக்கம் இல்லம்மா" என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார், கோபமாக இல்லை, ஏதோ கேட்க நினைத்தது போல. ஆனால் தன் அப்பா எழுந்ததும் அவரும் எழுந்துவிட்டார். "போயிட்டுச் சொல்லி விடுறோம்" என்றார்கள். அம்மா உள்ளே போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். என் அப்பா வாசல்வரை போய் அவர்களைக் காரில் ஏற்றிவிட நின்றார்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் கை கழுவ வேண்டும் என்று பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தாள். நான் மோந்து ஊற்றினேன். அவள் கையைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "எந்த ஆசுபத்திரித்தா?" என்றாள்.

நான் மறுபடி தண்ணீர் மோந்தேன்.

"எம் மகளுக்கும் இருக்கு. கட்டிக் குடுத்தாச்சு. அங்கன யாருக்கும் தெரியாது. அவருதான் சொல்லக் கூடாதுன்னாரு, சொன்னா எவன் கட்டுவான்னு." தலையால் வாசல் பக்கம் காட்டினாள். "மறைச்சு மறைச்சு மாத்திரை திங்கிறா. இப்ப பல்லு எகிறு வீங்குது. பல்லு வெளக்க மாட்டியான்னு மாமியா வைதாளாம்."

தேனி டாக்டரின் கிளினிக் எங்கே இருக்கிறது என்று சொன்னேன். மாத்திரையை மட்டும் எக்காரணத்துக்கும் நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன். அவள் ஈரக் கையாலேயே என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனாள். அந்த வரன் அதோடு முடிந்தது.

அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டு வைப்பாள், பேச மாட்டாள். ஒரு காலையில் மாத்திரைகளை அட்டையோடே சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போனாள். பாட்டில் எங்கே என்று நான் கேட்கவில்லை.

கம்பத்து அம்மாள் சொன்ன அந்த மகள் வந்தாள். பிறந்த வீட்டுக்கு வந்த சாக்கில், அவள் அம்மாவோடு தேனிக்கு வந்தாள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள், போயிருந்தேன். என்னைவிடச் சின்னவள். முந்தானையால் வாயை மூடியே பேசினாள். டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதுதான் ஆரம்பம், மாத்திரையை மாற்றக் கேட்கலாம், தேவைப்பட்டால் லேசரில் எடுத்துவிடலாம், ஆனால் வாராவாரம் மதுரைக்குப் போக வேண்டியிருக்கும் என்றாள். "எங்க வீட்டுக்காரர்ட்ட என்னன்னு சொல்லிட்டு வர்றது?" என்று அந்தப் பெண் கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தாள். "உண்மையச் சொல்லிப் பாருங்க" என்றேன். அவள் தலையாட்டினாள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பேருந்து நிலையத்தில் கம்பம் வண்டிக்காகக் காத்திருந்தோம். அவள் அம்மா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாள். மாத்திரை நேரமாகிவிட்டது போல. அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள், இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மாத்திரையை எடுத்தாள். தெரிந்தவர்கள் யாரும் வந்துவிடுவார்களோ என்று தயங்கினாள். நான் எழுந்து, அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். தண்ணீர் வரும்வரை காத்திராமல் அவள் அதை அப்படியே விழுங்கினாள்.